பழைய காருக்கு எந்த டயர்? பயஸ், ரேடியல்: தொடக்கநிலை விளக்கம்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை என்று எந்த ஊரை எடுத்தாலும் ஏதோ ஒரு வீட்டுக் கொட்டகையில் பழைய கார் ஒன்று நிற்கிறது. அப்பப்பா வாங்கிய மொரிஸ் மைனராக இருக்கலாம்; ஒரு காலத்தில் வைத்தியரோ தலைமை ஆசிரியரோ ஓட்டிய ஒஸ்டினாக இருக்கலாம்; எஞ்சினைப் பின்னால் வைத்த வொக்ஸ்வாகன் பீட்டிலாக இருக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இவற்றில் பல மறுபடியும் கராஜுக்கு வந்தன. எஞ்சினைப் பார்த்து, பிரேக்கைப் பார்த்து, பெயின்ற் அடித்து முடித்த பின்னர்தான் பலருக்கு டயரின் நினைவு வருகிறது.

டயர்க் கடைக்குப் போனால் பயஸ், ரேடியல் என்ற இரண்டு பெயர்கள் காதில் விழும். பழைய காருக்குப் பழைய முறை டயர்தான் பொருந்தும் என்பார் ஒருவர். இந்தக் காலத்தில் யார் அதைப் போடுவார்கள், ரேடியலைப் போடுங்கள் என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே காரைப் பார்க்காமல் டயரைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். அந்தக் காரை வரைந்த பொறியியலாளர், டயரின் பக்கச் சுவர் எவ்வளவு வளைந்து கொடுக்கும், வளைவில் எவ்வளவு நழுவும் என்பதைக் கணக்கில் வைத்தே ஸ்பிரிங், ஸ்டியரிங், ரிம் எல்லாவற்றையும் தீர்மானித்தார். எனவே காரைத் தாங்கி அதிர்வை வாங்கும் சஸ்பென்ஷனில் டயரும் ஓர் உறுப்புத்தான். டயரின் இனத்தை மாற்றும்போது காரின் குணமும் மாறுகிறது. அந்த மாற்றத்தை உங்கள் கார் தாங்குமா, விரும்புமா என்று கண்டறிவதற்குத்தான் இந்தக் கட்டுரை.

இறப்பருக்குள் இருக்கும் நூல்

வெளியே பார்த்தால் டயர் வெறும் இறப்பர். ஆனால் காரின் எடையைச் சுமப்பது உள்ளே அடைபட்ட காற்று. அந்தக் காற்று டயரைப் பிதுக்கிக் கிழித்து விடாமல் கட்டி வைத்திருப்பது இறப்பருக்குள் புதைந்திருக்கும் நூல். முதலில் பருத்தி நூலாக இருந்தது; பிறகு ரேயோன், நைலோன், பொலியெஸ்டர் என்று மாறியது. ரிம்மின் இரு விளிம்புகளிலும் இறுகி உட்காரும் வளையங்களுக்குள் உருக்குக் கம்பி இருக்கிறது. நூல்கள் ஒரு வளையத்தில் தொடங்கி மறு வளையத்தில் முடிகின்றன. அவை எந்தக் கோணத்தில் ஓடுகின்றன என்பதிலிருந்துதான் மற்ற எல்லா வேறுபாடுகளும் பிறக்கின்றன.

பயஸ் டயரில் நூல் சாய்வாக ஓடுகிறது. டயர் உருளும் திசையிலிருந்து ஏறக்குறைய 30 முதல் 40 பாகை வரை ஓர் அடுக்கு ஒரு பக்கம் சாயும். அதன் மேல் அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கம் சாயும். இப்படி இரண்டு, நான்கு என்று அடுக்குகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும். தரையைத் தொடும் பகுதிக்கும் பக்கச் சுவருக்கும் தனித்தனி எலும்பு கிடையாது. இரண்டுக்கும் அதே அடுக்குகள்தான்.

இதைக் கையில் உணர வேண்டுமானால் மருதமுனைச் சாரம் ஒன்றை எடுங்கள். நூல் ஓடும் திசையில் இழுத்தால் அது நீளாது. மூலைக்கு மூலை பிடித்து இழுத்தால் துணி நீண்டு கொடுக்கும். நெசவிலுள்ள சிறு சதுரங்கள் சாய்சதுரங்களாகச் சரியும். பயஸ் டயர் தரையில் அழுந்தும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இதுதான் நடக்கிறது. குறுக்கே கிடக்கும் நூல்கள் கத்தரிக்கோலின் இரு அலகுகள் போலக் கோணம் மாறுகின்றன, தரையை விட்டதும் பழைய கோணத்துக்குத் திரும்புகின்றன. இடையில் கிடக்கும் இறப்பர் ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டுச் சூடேறுகிறது. பக்கச் சுவர் வளைந்தால் தரையைத் தொடும் முகமும் சேர்ந்து சுருங்கி, நெளிந்து, தரையில் தேய்கிறது. பயஸ் டயர் விரைவில் தேய்வதற்கும் அதிக பெற்றோல் குடிப்பதற்கும் இதுவே காரணம்.

ரேடியல் டயரில் நூல் சாயாது. ஒரு வளையத்திலிருந்து மறு வளையத்துக்கு நேர் குறுக்காக, உருளும் திசைக்கு 90 பாகையில் போகும். இப்படி விட்டால் பக்கச் சுவர் மிக மென்மையாகிவிடும். டயர் தன் வடிவத்தையே தக்கவைக்காது. ஆகவே தரையைத் தொடும் முகத்துக்கு அடியில் மட்டும், டயரைச் சுற்றிலும், உருக்குக் கம்பி பின்னிய பட்டி ஒன்றைக் கட்டுகிறார்கள். இதனால் வேலை இரண்டாகப் பிரிகிறது. பக்கச் சுவர் தாராளமாக வளைகிறது. பட்டி கட்டிய முகம் தட்டையாகத் தரையைப் பிடித்துக்கொள்கிறது. ஒன்றின் அசைவு மற்றொன்றைக் குழப்புவதில்லை.

இந்த யோசனை பிறந்த கதையை நான் மிகவும் விரும்புகிறேன். பிரான்சின் மிஷெலின் நிறுவனத்தில் பணியாற்றிய மாரியுஸ் மின்யோல், டயர் ஏன் சூடேறுகிறது என்று ஆராய்ந்தார். பக்கச் சுவரின் துணி அடுக்குகளை எடுத்துவிட்டு, இடைவெளி விட்டுக் குறுக்கே போகும் உலோகக் கம்பிகளை மட்டும் வைத்து ஒரு சோதனை டயர் செய்தார்கள். பார்ப்பதற்கு அது ஒரு கூடு போல இருந்ததால் ஈக்கூடு என்றே அதை அழைத்தார்கள். அது சூடேறாமல் ஓடியது. 1946 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1949இல் மிஷெலின் எக்ஸ் என்ற பெயரில் டயர் விற்பனைக்கு வந்தது. சித்ரோயென் அப்போது மிஷெலினின் கைக்குள் இருந்த நிறுவனம் என்பதால் அதன் கார்களுக்கு ரேடியல் முதலில் போய்ச் சேர்ந்தது. 1955இல் வந்த சித்ரோயென் டிஎஸ் ரேடியலுக்காகவே வரையப்பட்ட கார். அமெரிக்கர்கள் இதற்கு அதிக காலம் எடுத்தார்கள். லிங்கன் கொன்டினென்டல் மார்க் 3 அங்கே ரேடியலைச் சாதாரணப் பொருத்தமாகப் பெற்றது 1970இல்தான். பிரித்தானியக் கார்களின் பெரும்பகுதி 1960களின் நடுப்பகுதி வரை பயஸ் டயருடனேயே தொழிற்சாலையை விட்டு வெளியேறின. நம் ஊரில் எஞ்சியிருக்கும் பழைய கார்களில் அநேகமானவை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

பயஸ் டயர் ஒழிந்துபோன பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டு வாசலில் நிற்கும் முச்சக்கர வண்டியின் டயரைக் குனிந்து பாருங்கள். 4.00-8 என்று எழுதியிருக்கும். நடுவிலுள்ள அந்தச் சிறு கோடு பயஸ் டயரின் அடையாளம். வயலில் இறங்கும் உழவு இயந்திரங்களிலும் பெரும்பாலும் அதுதான். குறைந்த வேகம், கரடு முரடான தரை, பாரம் என்ற மூன்றும் சேரும் இடத்தில் அது இன்னும் நன்றாக உழைக்கிறது.

ஓட்டும்போது என்ன மாறும்

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, சில்லு பார்க்கும் திசைக்கும் கார் உண்மையில் போகும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோண வித்தியாசம் எப்போதும் இருக்கும். டயரின் இறப்பர் வளைந்து கொடுப்பதால் வருவது இது. பயஸ் டயரில் இந்தக் கோணம் பெரியது. நீங்கள் திருப்பிய பின் கார் ஒரு கணம் யோசித்துத் திரும்புவது போலத் தோன்றும். ரேடியலில் கோணம் சிறியது. திருப்பியதும் கார் திரும்பும். புதிய காரில் பழகியவர் முதன்முறையாகப் பழைய மொரிஸ் மைனரை ஓட்டும்போது ஸ்டியரிங் தளர்ந்திருக்கிறது என்று நினைப்பதற்குப் பாதிக் காரணம் டயர்தான்.

நேர் வீதியிலும் வேறுபாடு தெரியும். லொறிச் சில்லுகள் பள்ளமாக்கிய தடம், காபெட் போட்ட பகுதி முடிந்து பழைய தார் தொடங்கும் விளிம்பு, பாலத்தின் இணைப்பு என்று எதைக் கண்டாலும் பயஸ் டயர் அதன் பின்னால் போக முயலும். ஸ்டியரிங்கில் கை ஓயாமல் சின்னச் சின்னத் திருத்தங்களைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். ரேடியல் இவற்றைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. களுவாஞ்சிகுடிக்கும் கல்முனைக்கும் தினமும் போய் வருகிறவருக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும். மாலையில் தோள் வலிக்காது.

மழையில் ரேடியல் தெளிவாக முன்னே நிற்கிறது. அதன் முகம் தட்டையாகப் பதிவதால் வெட்டுக் கோடுகள் திறந்தே இருக்கின்றன. நீர் அவற்றின் வழியே வெளியேறுகிறது. பயஸ் டயரின் முகம் தரையில் படும்போது நெளிந்து அந்தக் கோடுகளை ஓரளவு மூடிவிடுகிறது. நமக்கு மாரி மழை நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை கொட்டுகிறது. 2011 ஜனவரியில் வந்த வெள்ளத்தை மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மறந்தவர் இல்லை. மாரியிலும் காரை எடுப்பவர் இந்தக் காரணத்துக்கு அதிக எடை கொடுக்க வேண்டும். மழை கண்டதும் காரைக் கொட்டகைக்குள் விடுபவருக்கு இது அவ்வளவு முக்கியமில்லை.

பயஸ் டயருக்கும் சொந்தமான நற்குணங்கள் உண்டு. அது பிடியை இழக்கும்போது சொல்லிவிட்டு இழக்கும். வளைவில் வேகம் கூடக் கூட மெல்ல மெல்ல நழுவும். ஓட்டுநருக்குக் காலை எடுக்க நேரம் கிடைக்கும். ரேடியல் அதைவிட மிக அதிகம் பிடிக்கும். ஆனால் எல்லையைத் தாண்டினால் சட்டென்று விடும். பக்கச் சுவரிலும் பயஸ் உறுதியானது. கிரவல் வீதியின் கூர்க்கல்லும் வேலிக்கரை முள்ளும் ரேடியலின் மெல்லிய பக்கச் சுவரை எளிதில் வெட்டிவிடும், அந்த வெட்டை ஒட்டித் திருத்தவும் முடியாது.

பழைய கார்களின் உரிமையாளர் பலர் எதிர்பார்க்காத ஒன்று, ரேடியல் போட்ட பிறகு ஸ்டியரிங் கனமாவது. அகலமான, தட்டையான முகம் தரையைப் பிடித்துக்கொள்வதால், கார் நிற்கும்போதோ ஊர்ந்து போகும்போதோ திருப்புவதற்கு அதிக பலம் வேண்டும். இந்தக் கார்களில் பவர் ஸ்டியரிங் கிடையாது. வாகனம் நிறைந்த மட்டக்களப்புச் சந்தைப் பக்கத்தில் இடம் பார்த்து நிறுத்தும்போது அதை நன்றாக உணர்வீர்கள். குறைந்த வேகத்தில் சிறு மேடு பள்ளங்களும் கொஞ்சம் கடுமையாகத் தெரியும். ரேடியலுக்கென வரைந்த கார்களில் அந்த அதிர்வை விழுங்குவதற்கு மென்மையான இறப்பர் புஷ்கள் வைத்தார்கள். பழைய காரில் அவை இல்லை.

பக்கச் சுவரில் எழுதியிருப்பதை வாசித்தல்

பழைய பயஸ் டயரில் 5.60-15 என்று இருக்கும். முதல் எண் டயரின் அகலம், அங்குலத்தில். கடைசி எண் ரிம்மின் விட்டம், அதுவும் அங்குலத்தில். ரேடியலில் 165 ஆர் 15 என்று இருக்கும். 165 என்பது மில்லிமீற்றரில் அகலம்; ஆர் என்ற ஆங்கில எழுத்து ரேடியலைக் குறிக்கும்; 15 மறுபடியும் அங்குலம். இன்றைய டயர்களில் 145/80 ஆர் 13 என்பது போல இடையில் இன்னோர் எண் வரும். பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதை அது சொல்கிறது. அந்த எண் எழுதப்படாத பழைய ரேடியல் அளவுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த 80 மிக முக்கியம். பழைய காரின் டயர் ஒடுக்கமாகவும் உயரமாகவும் இருக்கும். அதற்கு மாற்றாக வருவதும் அப்படியே இருக்க வேண்டும். டயரின் மொத்த உயரம் குறைந்தால் வேகமானி உண்மைக்கு அதிகமாகக் காட்டும், எஞ்சின் கூடுதலாகச் சுழலும், காரின் வயிறு தரைக்கு அருகில் வரும்.

பீட்டிலின் 5.60-15க்கு இணையாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ரேடியல் 165 ஆர் 15. மொரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை தயாரானது, முந்தியவற்றில் 5.00-14, பிந்தியவற்றில் 5.20-14. இவற்றுக்கு 145/80 ஆர் 14 அல்லது 155/80 ஆர் 14 போடுகிறார்கள். (இந்தக் காருக்கும் இலங்கைக்கும் ஒரு தனி உறவு உண்டு: 1990களில் அதன் உடல் பாகங்களை இங்கே தகட்டில் அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிய தொழிற்சாலை ஒன்று இருந்தது.) ஒஸ்டின் ஏ35, போர்ட் அங்லியா 105ஈ இரண்டும் 5.20-13. இவற்றை வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள், ஏனென்றால் 145/80 ஆர் 13 இன்றைய சிறிய ஜப்பானியக் கார்களிலும் ஓடுகிற அளவு. ஒஸ்டின் ஏ40 டெவன், சொமர்செட் போன்ற 16 அங்குல ரிம் உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. அவ்வளவு ஒடுக்கமான 16 அங்குல ரேடியல் சாதாரணக் கடையில் கிடைக்காது. அவர்கள் பயஸில் நிற்பதே நல்லது.

கடையில் ஒரு பொறி இருக்கிறது. 14 அங்குல ரிம் என்று சொன்னதும் 185/65 ஆர் 14 ஒன்றை எடுத்து வைப்பார்கள். உயரத்தைக் கணக்கிட்டால் அது மொரிஸ் மைனருக்குச் சரியாகவே வரும். ஆனால் அந்த டயர் உட்காருவதற்கு ரிம் குறைந்தது 5 அங்குல அகலம் வேண்டும். பழைய ரிம் அதைவிட மிக ஒடுக்கம். அதில் பூட்டினால் டயரின் இரு பக்கங்களும் உள்நோக்கி இழுபட்டு நடுப்பகுதி மட்டும் தரையில் படும். ரேடியலின் நன்மை அத்தனையும் அதோடு போய்விடும். இன்னொரு பொறி, அளவின் முடிவில் சி என்ற எழுத்து இருக்கும் வான் டயர். 165 ஆர் 14 சி என்று பார்த்ததும் பொருந்துகிறதே என்று தோன்றும். அது பாரம் ஏற்றிய வானுக்காக, அதிக காற்றழுத்தத்துக்காகச் செய்த தடித்த டயர். இலகுவான காரில் அது கல் போல இருக்கும், மழையில் பிடிக்கவும் பிடிக்காது.

ரிம்மும் டியூப்பும்

டயரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ரிம். இதைத்தான் மக்கள் கடைசியில் பார்க்கிறார்கள். ரேடியல் வளைவில் அதிகம் பிடிப்பதால் அந்த இழுவை முழுவதும் ரிம்முக்கும், சில்லுத் தாங்கியான பெயாரிங்குக்கும், முன் சில்லு திரும்பும் அச்சாணியான கிங்பின்னுக்கும் போகிறது. 60, 70 வருடம் உழைத்த இரும்பு இதைத் தாங்குமா என்று பார்க்காமல் பூட்டக் கூடாது. நான்கு ரிம்களையும் கழற்றி, பெயின்றைச் சுரண்டி, நட் துளைகளைச் சுற்றியும், நடுத்தட்டு ரிம்மோடு இணையும் இடத்திலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழ்கிற நமக்கு உப்புக்காற்று கூடுதல் எதிரி. ரிம்மின் உட்புறத்தில் துரு செதில் செதிலாக எழும்; அது டியூப்பைக் குத்தும், டயர் உட்காரும் விளிம்பையும் அரிக்கும். கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே டயர் பூட்ட வேண்டும்.

அந்த ரிம்கள் டியூப் வைத்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. இன்றைய ரிம்மில் டயர் உள்ளே நழுவாமல் தடுக்க ஒரு சிறு மேடு இருக்கும். பழையதில் அது கிடையாது. ஆணி அறைந்து இணைத்த ரிம் என்றால் அந்த இணைப்பு வழியாகவும் காற்றுப் போகும். ஆகவே ரேடியல் போட்டாலும் உள்ளே டியூப் வேண்டும், அதுவும் ரேடியலுக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட டியூப். ரேடியலின் பக்கச் சுவர் அதிகம் வளைவதால் சாதாரண டியூப் உள்ளே உரசிச் சூடேறி வெடிக்கும். டியூப் இல்லாமல் ஓடுவதற்கென்று செய்த டயரின் உட்புறத்தில் ஒட்டுத்தாள், கூரான இறப்பர் வரி ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டு, டால்க் தூள் பூசிய பிறகு டியூப்பை வையுங்கள்.

கலக்கவே கூடாது

ஒரே அச்சில் ஒரு பக்கம் பயஸ், மறு பக்கம் ரேடியல் என்பது கூடாது. இரண்டும் வேறு வேறு அளவில் நழுவுவதால் பிரேக் போட்டதும் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

பலர் செய்வது அதைவிட ஆபத்தானது. முன்னால் இரண்டு புதிய ரேடியல் போட்டு, பின்னால் பழைய பயஸை விட்டுவிடுவார்கள். முன் சில்லுகளில்தான் ஸ்டியரிங் இருக்கிறது, அங்கே நல்லது இருக்கட்டும் என்ற எண்ணம். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் ஏறி, பிபிலை தாண்டி, லுணுகலை, பசறை வளைவுகளில் மழையில் இறங்கும்போது என்ன ஆகும் என்று பாருங்கள். முன் சில்லுகள் ரேடியலின் பலத்தில் காரை வளைவுக்குள் இழுக்கும். பின்னால் உள்ள பயஸ் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் வெளிப்பக்கம் நழுவும். காரின் பின்பகுதி முன்பகுதியை முந்தப் பார்க்கும். அனுபவமுள்ள ஓட்டுநருக்கும் அதைத் திருத்துவது கடினம். பிரித்தானியச் சட்டம் இந்த அமைப்பை வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. பணம் இரண்டு டயருக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால், இரண்டு ரேடியலும் பின்னால் போக வேண்டும். நான் அதையும் பரிந்துரைக்கமாட்டேன். இன்னும் இரண்டு மாதம் பொறுத்து நான்கையும் ஒன்றாக வாங்குங்கள்.

எங்கள் வீதிகளுக்கு எது?

கடற்கரையோர ஏ4 வீதியும், காரைதீவிலிருந்து அம்பாறைக்குப் போகும் வீதியும் இன்று நல்ல காபெட் வீதிகள். ஊர்களுக்கு வெளியே கார்களுக்கு மணிக்கு 70 கிலோமீற்றர்தான் எல்லை. இந்த வேகத்தில் பயஸ் டயர் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். இந்தக் கார்கள் அதற்காகவே பிறந்தவை. ஞாயிற்றுக்கிழமை கல்லடிப் பாலம் தாண்டி ஒரு சுற்று, கலியாண வீட்டுக்கு ஓர் ஓட்டம், வருடத்தில் சில நாள் என்று மட்டும் ஓடும் காருக்கு ரேடியல் அவசியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரின் தோற்றமும் அதன் பழைய குணமும் உங்களுக்குப் பெறுமதியானவை என்றால் பயஸ் போடுங்கள். படுவான்கரையின் கிரவல் வீதிகளில், வாய்க்கால் கட்டுகளில் அதிகம் ஓடும் காருக்கும் பயஸின் தடித்த பக்கச் சுவர் பொருந்தும்.

காரைத் தினசரி வேலைக்கு எடுப்பவர், கொழும்புக்கோ பதுளைக்கோ நெடுந்தூரம் போகிறவர், மாரியிலும் ஓட்டுகிறவர் ரேடியலுக்குப் போவதே சரி. காரில் பின்னுக்குப் பிள்ளைகள் உட்காருவார்கள் என்றால் எனக்கு இதில் இரண்டாம் எண்ணமே இல்லை. ஈரத்தில் கிடைக்கும் அந்தக் கூடுதல் பிடி, டிரம் பிரேக் மட்டும் உள்ள காருக்கு மிகப் பெரிய உதவி. அம்பாறை, உகண, மகா ஓயாப் பக்கத்தில் இரவில் யானை குறுக்கே வரலாம். அறுவடைக் காலத்தில் வீதியின் பாதியில் நெல் காயும். திடீரென்று பிரேக் போட வேண்டிய இடங்கள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. ரேடியல் நீடித்தும் உழைக்கும். பயஸைப் போலப் பெரும்பாலும் இரு மடங்கு தூரம் ஓடும் என்பதால், முதலில் கூடுதலாகக் கொடுத்த விலை திரும்பி வந்துவிடும்.

தோற்றத்தையும் விட மனமில்லை, ரேடியலும் வேண்டும் என்பவர்களுக்கு, வெளியே பயஸ் போலவும் உள்ளே ரேடியலாகவும் செய்த டயர்களை அமெரிக்காவின் கோக்கர் டயர் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. ஏற்றுக்கூலியும் வரியும் சேர்த்தால் விலை கனமாக இருக்கும். கண்காட்சிக்கு வைக்கும் காருக்கு அது தகும்; வேலைக்கு ஓடும் காருக்கு நான் அந்தப் பணத்தைப் பிரேக்குக்குச் செலவிடுவேன்.

வயதும் காற்றும்

எந்த வகையானாலும் கிழட்டு டயர் கிழட்டு டயர்தான். பழைய கார் குறைவாக ஓடுவதால் வெட்டுக் கோடு புதிதுபோலவே தெரியும். உள்ளே இறப்பர் செத்திருக்கும். பக்கச் சுவரில் டிஓடி என்ற எழுத்துகளைத் தொடர்ந்து, ஒரு வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தியது. விலை பேசாமல் திரும்பி வாருங்கள். ஐந்தாறு வருடம் ஆனதும் ஆண்டுதோறும் பக்கச் சுவரில் வெடிப்புப் பார்க்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் எந்த டயரையும் நம்பக் கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் நிற்கும் காருக்கு அந்தப் பத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். நைலோன் நூல் உள்ள பயஸ் டயர் பல நாள் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகி, முதல் ஓரிரு கிலோமீற்றருக்குத் தடக் தடக் என்று அடிக்கும். சூடேறியதும் அது சரியாகிவிடும், பயப்பட வேண்டாம்.

காற்றழுத்தத்தில்தான் அதிக குழப்பம். கடையில் எல்லாக் காருக்கும் ஒரே அளவாக 30 இறாத்தல் அடித்து அனுப்புவார்கள். பயஸ் போட்ட பீட்டிலுக்குத் தொழிற்சாலை சொன்னது, ஒன்றிரண்டு பேர் ஏறும்போது, சதுர அங்குலத்துக்கு முன்னால் ஏறக்குறைய 16 இறாத்தல், பின்னால் 24. எஞ்சின் பின்னால் இருப்பதால் இந்த வித்தியாசம் மிக அவசியம். ரேடியலுக்கு அது 18ஆகவும் 27ஆகவும் உயரும். பொதுவாக ரேடியலுக்குப் பழைய கைநூல் சொல்வதைவிட இரண்டு மூன்று இறாத்தல் கூடுதலாக வைத்துத் தொடங்கலாம். ரேடியலின் பக்கச் சுவர் கீழே சற்றுப் பிதுங்கித் தெரிவது அதன் இயல்பு. காற்றுக் குறைந்துவிட்டது என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, மானியை வைத்து அளந்து பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ரேடியலுக்கு மாறியதும் சில்லுகள் நிற்கும் கோணத்தை, அதாவது அலைன்மென்டை, பார்க்க வேண்டும். பயஸ் டயருக்காக முன் சில்லுகளின் முன்பக்கம் உள்நோக்கிக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். ரேடியலுக்கு அதைக் குறைக்கலாம். குறைக்காவிட்டால் புதிய டயரின் வெளி விளிம்பு முதலில் தேயும். முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் நட்களை மறுபடி இறுக்கிப் பாருங்கள். ரிம்மில் புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தால் அது அழுந்தி நட் தளர்ந்திருக்கும்.

டிக்கியில் கிடக்கும் ஸ்பெயார் சில்லையும் கணக்கில் சேருங்கள். நான்கும் ரேடியலாக இருந்து ஸ்பெயார் மட்டும் பழைய பயஸாக இருந்தால், பஞ்சரான நாளில் நீங்கள் அறியாமலே ஒரே அச்சில் இரண்டையும் கலந்துவிடுவீர்கள். ஐந்தாவது டயருக்கு இப்போது பணமில்லை என்றால், அந்த ஸ்பெயாரைப் பக்கத்து டயர்க் கடை வரை மெதுவாக ஊர்ந்து போவதற்கு மட்டும் வைத்திருங்கள். அன்றைக்கே பஞ்சரை ஒட்டி, ரேடியல் சில்லைத் திரும்பப் பூட்டிவிட வேண்டும்.